பச்சைப் பட்டி

மூன்று இரவாகப் படித்தேன்,
ஹீத்ரோவில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு
மூடி போடும் வேலையின் இடைவேளைகளில்
கைபேசியை மடியில் வைத்து,
பரீட்சைக்குப் படிப்பதுபோல.

சனிக்கிழமைப் பேய்க்கு விலை கூட.
வியாழக்கிழமைப் பேய்க்குக் குறைவு.
அதே பேய்தான், என்றாள் தர்மினி
போன வருடம் போய் வந்தவள்.
வியாழனில் அதுகள் களைத்திருக்காது,
கிட்ட வந்து கத்துங்கள்.
மூன்று மணிக்குப் பிறகு போனால் பத்துப் பவுண் மிச்சம்,
ஆனால் அந்த ரிக்கெற்றில் இருட்டு வீடுகள் அடங்காது.
வரிசையைத் தாண்டுவதற்குத் தனி ரிக்கெற்.
அதில் மிச்சமாகும் ஒன்றரை மணி நேரத்தை
என் மணிக்கூலியால் பெருக்கிப் பார்த்தேன்.
நின்றே போகலாம்.

எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில்,
பயந்தவர்களுக்கு ஒரு பட்டி.
பச்சையாய் ஒளிருமாம். ஆறு பவுண்.
கையில் கட்டியிருந்தால்
பேய்கள் நெருங்காதாம்.
ஆரூரனுக்கு ஒன்று என்று அமத்தினேன்.
சிலந்தியைக் கண்டால்
குளியலறைக் கதவை வெளியால் பூட்டுகிறவன்.

வாசலில் அவன் அதை
இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.
"அம்மா, ப்ளீஸ்."
ஆறு பவுண் அல்லவா.
நானே கட்டிக்கொண்டேன்.

மரம் அரிகிற மெஷினோடு பாய்ந்து வந்தவன்
என் மணிக்கட்டைக் கண்டதும் மெஷினைத் தாழ்த்தி
ஓரடி விலகி வழிவிட்டான்.
இரத்தம் வடியும் மணப்பெண்ணொருத்தி
முன்னால் போனவர்களைக் கத்திக் கலைத்துவிட்டு
"படி இருக்கு, கவனம்" என்றாள்
எனக்கு மட்டும், மெல்லிய ஆங்கிலத்தில்.
இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன்,
இவ்வளவு மரியாதை கண்டதில்லை.
முன்னால் எங்கேயோ ஆரூரனின் சத்தம்,
கத்துகிறானா சிரிக்கிறானா
பிரித்துக் கேட்க முடியவில்லை.
நாலாவது வீட்டில் எனக்கு அலுத்துப்போனது.
கொஞ்சம் வெருட்டினால்தான் என்ன?

பத்தே முக்கால் ரயில்.
ஸ்ரெயின்ஸில் ஏறி
அஷ்ஃபோர்ட் வருவதற்குள்
பரிசோதகர் வந்தார்.
முகமூடி இல்லை, மூக்குக் கண்ணாடி மட்டும்.
இரண்டு ரிக்கெற்றையும் நீட்டினேன்.
ஒரு பெரிய ஆள், ஒரு பிள்ளை.
எப்போதும் எடுப்பதுதான்.
இதற்கு நான் ஓர் இரவும் படிக்கவில்லை.

"எத்தனை வயது?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.
பதினைந்து என்று வாயைத் திறந்தேன்.
போன செவ்வாய் வரைக்கும் அது உண்மை.
கேக்கின் மிச்சம் இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது.
"சிக்ஸ்ரீன்" என்றான் ஆரூரன்.

ஒளிர்கிற என் கையை அவர் ஒருமுறை பார்த்தார்.
ஓரடியும் விலகவில்லை.
இடுப்பு மெஷின் கர் என்று தாளைத் தள்ளியது.
அந்தக் காசுக்கு நாங்கள் இரண்டு பேரும்
எல்லா வரிசையையும் தாண்டியிருக்கலாம்,
அதுவும் சனிக்கிழமையில்.

"ஏன்டா சொன்னனி?"
"கேட்டவர்தானே."
பிறகு ஃபெல்தம் வரும்வரை
ஜன்னலில் எங்கள் இரண்டு முகமும்தான் தெரிந்தது,
வெளியே ஒன்றும் தெரியவில்லை.
இறங்கும்போது
என் பையை அவன் தோளில் போட்டிருந்தான்.
நான் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

காலை நாலரைக்கு வேலை.
பட்டி அணையவில்லை.
அவன் எழும்பிவிடுவான் என்று
விளக்குப் போடாமல்
அந்தப் பச்சையில் சப்பாத்தைத் தேடிக் காலை விட்டேன்.
தொளதொள என்று இருந்தது.
அவனுடையது.